ஆழ்ந்தவரும் ஒத்து ஊதுபவரும்



இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவில், ஒரு வேலையில் முழுவதுமாகத் தோய்ந்து போவது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்று "கவனி, கவனி" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். ஆனால் கவனம் என்பது எப்படி உண்டாகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். பார்த்த இடம் இங்கே திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் போனால் வரும் பத்தமடை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாசி மாத முற்பகல். பாய் நெய்யும் வீடு ஒன்றுக்குத் தெரிந்தவர் வழியாகப் போயிருந்தேன். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் தரையோடு தரையாகத் தறி. இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல், ஏற்கெனவே நெய்து முடித்த பகுதியில் ஏறி உட்கார்ந்து ஓர் அக்கா நெய்துகொண்டிருந்தார். தலைமுடியைவிடச் சற்றே பருத்த ஒரு கோரை இழை. அதை நீண்ட மெல்லிய குச்சியில் கோத்து நூல்களுக்கு நடுவே செலுத்துகிறார். மறுபக்கம் இழை வந்து சேர்ந்ததும் குச்சியை உருவுகிறார். அச்சுக்கட்டையைத் தன் பக்கம் இழுத்து ஓர் அடி. பிறகு ஓர இழையை நகத்தால் மடித்துத் திருகிவிடுகிறார். அடுத்த இழை. நான் வந்ததையோ உட்கார்ந்ததையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏதோ கேட்டேன். பதில் இல்லை.

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து கோரை கிழித்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார்தான் சொன்னார்: "இருங்க டீச்சர், இந்த வரி முடியட்டும்."

இருந்தேன். வரி முடிந்தது, அடுத்த வரி தொடங்கியது. இதற்குள் ஒரு பேரன் ஓடிவந்து கடைக்குப் போகக் காசு கேட்டான். கிழவியம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, வாயில் விரலை வைத்துக் காட்டி அனுப்பினார். வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். அவரே எழுந்து போய்ப் பேசி அனுப்பிவிட்டு வந்தார். செல்பேசி அடித்தது. அதை எடுத்து மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் செருகினார். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். தறியில் இருந்தவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரின் ஈடுபாட்டைப் பார்க்கப் போனவள் இரண்டு பேரின் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒரு காரியத்தில் ஒன்றிப்போனால் "அதுலயே கெடக்கான்" என்பார்கள். "மூழ்கிப் போயிட்டான்" என்பார்கள். படித்தவர்கள் ஆழ்ந்து என்பார்கள். பின்னிரண்டுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். தாமிரபரணியில் குளிக்கப் போகும் பிள்ளைகளை "கசத்துப் பக்கம் போயிராத" என்று தாய்மார்கள் எச்சரித்து அனுப்புவார்கள். கசம் என்றால் ஆற்றில் ஆழமான மடு. பாறைகளுக்கு இடையே சலசலத்து வரும் நீர் அங்கே வந்ததும் ஓசை அடங்கிவிடும். மேலே பார்த்தால் நீர் நிற்பது போலத் தோன்றும். உண்மையில் ஆறு அங்கேதான் நிறைந்து கிடக்கிறது. தறியில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

லயம் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளத்தின் நடைக்கும் அதுவே பெயர், தன்னை மறந்து கரைந்து போவதற்கும் அதுவே பெயர். வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் பாட்டுக் கேட்டு லயித்துப் போனேன் என்று சொல்லும் தமிழனுக்கு அந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே விளங்குகின்றன. ஒரு வேலைக்கு நடை பிடிபட்டால்தான் அதில் கரைய முடியும். பாய்த்தறியின் அடி ஒரே கால அளவில் விழுவதை அரைமணி நேரம் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உளவியலில் இந்த நிலையை நெடுங்காலம் ஆராய்ந்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. 1934இல் பிறந்த ஹங்கேரியர். இரண்டாம் உலகப்போரின் அழிவைச் சிறுவனாகப் பார்த்துவிட்டுப் பின்னர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். 1960களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கூர்ந்து கவனித்தபோது அவருக்கு ஒன்று வியப்பாக இருந்தது. வரையும்போது பசி, களைப்பு எதையும் பொருட்படுத்தாத அவர்கள், படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படியானால் அவர்களை இழுத்தது படமா, வரைதலா? பின்னர் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடமும் பேசினார். ஆற்று நீர் தங்களை இட்டுச் செல்வது போல இருந்தது என்று அவர்களில் பலர் சொன்னதால் அந்த நிலைக்கு 'ஓட்டம்' என்ற பொருள் தரும் பெயரையே வைத்தார். அப்பெயரிலேயே 1990இல் வந்த நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாக இருக்க வேண்டும், செய்வது சரியா தவறா என்பது அந்தந்த நொடியே தெரிய வேண்டும், வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வேண்டும் என்பவை அவர் கண்டவற்றில் முக்கியமானவை.

பத்தமடைத் தறியில் இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு மனம் நிறையவில்லை. அவர் பிறரோடு கூடியிருப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்நூலைப் படித்து மூடுகிறவர் மனத்தில் நிற்பது தனி ஒருவரின் உள்ளம்தான். ஓவியன் வரைகிறான், பசியை மறக்கிறான். அவன் மறந்த பசியை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? அடுப்பில் எதை யார் வைத்தார்கள்? எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் தறியும் அடுப்பும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.

கோரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையிலும் கால்வாயோரங்களிலும் ஈரம் கிடக்கும் இடங்களில் வளரும் புல் அது. பசுமை மாறுமுன் அறுக்க வேண்டும். அறுத்ததை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மழையோ பனியோ பட்டுவிட்டால் கறுத்துவிடும். பிறகு கட்டுக்கட்டாகக் கட்டி, ஓடுகிற நீரில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். இந்த ஊறலில்தான் எல்லாம் இருக்கிறது. ஊறல் போதாத கோரையை இரண்டாகவோ மூன்றாகவோதான் கிழிக்க முடியும். அது சாதாரணப் பாய்க்கு ஆகும். நன்றாக ஊறியதோ கத்தி முனைக்கு இணங்கிக் கிழிந்துகொண்டே போகும். உள்ளே இருக்கும் சோற்றை நீக்கிவிட்டு, மேல்தோலை மட்டும் இழை இழையாக எடுத்து மறுபடி உலர்த்தி, சாயம் தோய்த்து வைத்தால் பட்டுப்பாய்க்கு உரிய இழை கிடைக்கிறது. நெய்பவர் ஆழ்வதற்கு முன்னால் கோரை ஆழ்கிறது. ஆறு ஒரு வாரம் வேலை செய்த பிறகுதான் மனிதக் கைக்கு வேலை வருகிறது.

பாய்களை எண் சொல்லித் தரம் பிரிப்பார்கள். ஐம்பதுக்குக் கீழ் என்றால் முரட்டுப் பாய். நூறு, நூற்றிருபது, நூற்றுநாற்பது என்று ஏற ஏறப் பாய் துணிபோல ஆகிவிடும். மடித்தால் கைக்குள் அடங்கும். உயர்ந்த எண்ணில் ஒரு பாய் முடியப் பல வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். மணமக்கள் பெயரை எழுத்து எழுத்தாக நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயும் இதில் உண்டு. இரண்டாம் எலிசபெத் அரசியின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்று ஊரில் பெருமையோடு சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பாயில் பெயர் வரும் மணமக்களையும் பாயை வாங்கிக்கொண்ட அரசியையும் நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாக இதை நெய்து வந்த லெப்பைக் குடும்பத்துப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கோரை கிழித்தவர்களைப் பற்றியோ யாரும் கேட்டதே இல்லை.

நெய்கிறவர் கண்ணைவிட விரலைத்தான் நம்புகிறார் என்பதை அன்று பார்த்தேன். ஓர் இழையை எடுத்தார், இரண்டு விரலுக்கு நடுவே ஒரு முறை ஓட்டினார், கீழே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். போட்டதை நான் எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அந்த இழை நுனியில் சற்றே பருத்திருந்ததாம். அப்படி ஒன்று உள்ளே போய்விட்டால் அந்த வரியிலேயே பாய் இலேசாக நெளியும். பத்து வரிக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும். அப்புறம் பிரிக்க வேண்டும். தவறு செய்த நொடியில் விரல் சொல்லிவிடுவதால்தான் மனம் வேறெங்கும் போவதில்லை. ஈடுபாட்டை மன உறுதியால் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நான் என் மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். பொருள் பேச வேண்டும். நாம் தொட்டால் அது பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத பாடத்தின் முன் ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டுக் கவனமில்லை என்று திட்டுவது நியாயமே இல்லை.

இனி ஆற்றோடு கீழே போவோம். ஆழ்வார்திருநகரி. பழைய திருக்குருகூர். ஆழ்வார் என்ற சொல்லுக்கே ஆழ்ந்தவர் என்று பொருள் சொல்வது வழக்கம். ஆள்வார் என்பதே பழைய வடிவம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சொல்லாராய்ச்சி எப்படி முடிந்தாலும், இந்த ஆற்றங்கரை மக்கள் ஆழ்ந்தவர் என்றுதான் அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். இவ்வூரில் தோன்றிய வைணவ ஆழ்வாரான நம்மாழ்வார் பிறந்தபோது அழவில்லை, பால் குடிக்கவில்லை, கோயில் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்தார் என்பது குருபரம்பரைக் கதை. அந்த மரத்தை உறங்காப்புளி என்கிறார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் நம்மாழ்வாரைப் பார்க்கிறார்கள். நான் மதுரகவியைப் பார்க்கச் சொல்கிறேன். பக்கத்துத் திருக்கோளூர்க்காரர், வயதில் மூத்தவர், வடநாட்டில் தலயாத்திரை போயிருந்தவர். தெற்கே ஓர் ஒளி தெரிய, அதைத் தொடர்ந்து நடந்து வந்து குருகூரில் நின்றார் என்கிறது மரபு. பதினாறு ஆண்டுகள் பேசாதவரைப் பேசவைத்தது அவர் கேட்ட ஒரு கேள்வி. பிறகு அவர் எங்கும் போகவில்லை. தன்னைவிட இளையவருக்குச் சீடராக அங்கேயே இருந்துவிட்டார். திருவாய்மொழியின் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பாசுரங்கள் ஒருவர் வாயிலிருந்து வந்தபோது அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு செவி அருகில் இருந்தது. மதுரகவி பாடியது பதினொரு பாசுரங்கள்தான். அந்தப் பதினொன்றும் பெருமாளைப் பற்றியவை அல்ல, தம் ஆசிரியரைப் பற்றியவை. காலப்போக்கில் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் வழக்கொழிந்து போக, வைணவ ஆசாரியரான நாதமுனிகள் அவற்றைத் தேடிக்கொண்டு குருகூருக்கு வந்தபோது அந்த ஊரில் மிஞ்சியிருந்தது மதுரகவியின் அந்தச் சிறு பதிகம். அதைப் பன்னீராயிரம் முறை ஓதித்தான் நாலாயிரத்தையும் பெற்றார் என்கிறார்கள். ஆழ்ந்தவரிடம் போய்ச் சேரப் பக்கத்தில் இருந்தவரின் பாட்டுதான் வழியாக இருந்தது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ளாதவர்களும், இப்படி ஒரு கதையைக் கட்டிக் காப்பாற்றி வந்த மக்களின் மனத்தை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இரண்டாவது ஆளுக்கு நம் இசையில் ஒரு பெயரே இருக்கிறது. அதைச் சொல்லக் காருக்குறிச்சிக்குப் போக வேண்டும். பத்தமடையிலிருந்து மேற்கே, சேரன்மகாதேவியைத் தாண்டினால் வந்துவிடும். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். 1921இல் அங்கே பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, அவரோடு உடன் அமர்ந்து வாசித்து, பின் தமிழ்நாடு முழுவதும் தன் பெயரோடு ஊர்ப்பெயரையும் கொண்டுபோனார். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகசுரம் ஆபேரி ராகத்தில் இழைவதைக் கேட்காத தமிழர் குறைவு. 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார். என் தாத்தா அவர் கச்சேரிகளை நேரில் கேட்டவர். "கண்ண மூடிட்டாருன்னா சாமி புறப்பாடே நிக்கும்" என்பார்.

அப்படிக் கண்ணை மூட முடிந்தது எதனால்? நாகசுரக்காரருக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். கையில் நாகசுரம் போலவே ஒரு குழல் இருக்கும், அதைவிடச் சற்று நீளமாகவும் இருக்கலாம். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையாது. அடியில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஒத்து. அவர் வேலை ஒரே சுரத்தை அறுபடாமல் ஊதிக்கொண்டிருப்பது. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, அந்தக் காற்றைக் குழலுக்குள் விடும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுத்துக்கொள்வார். ஆனிப் பெருந்திருவிழாவில் நெல்லையப்பர் வீதிவலம் வரும்போது ஒரு தெருமுனையில் நின்று சிறுமியாக நான் அவரைத்தான் வேடிக்கை பார்த்தேன். இரண்டு கன்னமும் பந்துபோல உப்பி, கண்கள் எங்கோ நிலைத்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். நாகசுரக்காரர் மேலே ஏறினார், கீழே இறங்கினார், நடுவில் நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொண்டார், தவில்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஒத்துக்காரருக்கு நிறுத்தம் கிடையாது. அவர் நிறுத்தினால் மேலே ஏறியவர் இறங்கி வர இடம் இல்லை.

எந்தச் சுரத்துக்குப் போனாலும் திரும்பி வந்து நிற்க ஆதாரம் ஒன்று காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஒரு கலைஞர் ராகத்துக்குள் இறங்குகிறார். நாகசுரக் குடும்பங்களில் பையன்கள் முதலில் தாளம் தட்டுவார்கள், ஒத்து ஊதுவார்கள். மேதையாகப் போகிறவனும் அடுத்தவன் ஆழ்வதற்குத் துணை நின்றே தொழிலுக்குள் வந்தான். இன்றைக்கு அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஒரு மனிதனின் மூச்சுக்கு அதனால் ஓய்வு கிடைத்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லுக்கு நேர்ந்ததை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அரசியல் மேடையிலும் அலுவலகத்திலும் "ஒத்து ஊதுகிறான்" என்றால் சுயபுத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறான் என்று பொருள். ஒத்துக்காரரின் சுருதி இம்மி பிசகினால் மேதையின் வாசிப்பே பிசகும் என்பதை அறிந்தவர்கள் இந்தச் சொல்லை வசையாக்கியிருக்க மாட்டார்கள். இந்த மேடையில் அதை நான் அதன் பழைய மரியாதையோடு பயன்படுத்துகிறேன்.

இந்த நெல்லையிலேயே ஒத்து ஊதுவதை ஒரு கூட்டமாகச் செய்தவர்கள் இருந்தார்கள். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில், வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடியதால் வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அவையைச் சொல்கிறேன். டி.கே.சி. ஒரு மாலையில் நிறையப் பாட்டுகளைப் பார்த்து முடிக்கிறவர் அல்லர். கம்பனில் ஒரே ஒரு செய்யுளை எடுப்பார். சொல்வார், மறுபடி சொல்வார், ஒரு சொல்லில் நின்றுகொள்வார், இன்னொரு முறை சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவசரப்படமாட்டார்கள். அடுத்ததற்குப் போகலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருந்தாலும் அந்த ஆழம் கலைந்திருக்கும். டி.கே.சி.யின் ரசனை முறையைப் புலவர்கள் சிலர் ஏற்கவில்லை. அவர் கம்பன் பாடல்களில் கைவைத்துத் திருத்தியதை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு மாலையைக் கொடுக்கும் துணிவு இருந்ததே, அதை இன்றைய தமிழ் வகுப்புகள் இழந்துவிட்டன. அரைமணி நேரத்தில் ஆறு பாட்டு என்று நானே நடத்தியிருக்கிறேன்.

விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி.யைச் சொல்லி நீங்கள் என்னை மறுக்கலாம். மறுக்க வேண்டும். 1908இல் திருநெல்வேலியில் வைத்துத் தண்டனை பெற்றுக் கோவைச் சிறைக்குப் போனவர். அங்கே மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டவர். அந்தச் சிறைக்காலத்திலேதான் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் அது 1909இல் வெளிவந்தது. அவருக்கு அங்கே யார் காவல் இருந்தார்கள், யார் ஒத்து ஊதினார்கள்? நான் நெடுநாள் இதை யோசித்தேன். மனித மனத்துக்குச் சுவரையும் மீறி ஆழும் ஆற்றல் உண்டு என்பதை அவர் காட்டினார், அதன் முன் தலை வணங்குகிறேன். ஆனால் அதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சிதறிப்போன குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு, கணவரின் மேல்முறையீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தார். வ.உ.சி. 1912இன் இறுதியில் வெளியே வரும்வரை அந்த மூச்சு அறுபடவில்லை. அந்த அம்மையாரின் ஆண்டுகளைப் பற்றி நாம் எழுதியது எவ்வளவு?

என்னுடைய கதை மிகச் சிறியது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் நேர்மையானவள் இல்லை. கைக்குழந்தையோடும் வேலையோடும் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினேன். பகலில் ஒரு பக்கம்கூட ஓடாது. ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அதற்குக் கவனத்தின் எச்சம் என்று பெயர் கொடுத்தார். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓடிய பெண்கள் அனைவருக்கும் இது அந்தப் பெயர் இல்லாமலே தெரியும். பால் பொங்குமோ என்ற நினைப்போடு தொல்காப்பிய உரையைப் படித்தால் இரண்டும் கெட்டுப்போகும். ஊரிலிருந்து அம்மா வந்து ஏழு மாதம் என்னோடு இருந்தாள். அதிகாலை மூன்றரை மணிக்கு நான் உட்காருவேன். அவளும் எழுந்துவிடுவாள். குழந்தை சிணுங்கினால் என் காதில் விழுவதற்குள் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். எச்சில் பாத்திரங்களைத் துலக்காமல் ஓர் அண்டாத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அமுக்கி வைப்பாள், ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரக் கூடாதென்று. விடிந்த பிறகுதான் துலக்குவாள். அந்த ஏழு மாதத்தில்தான் என் ஆய்வேடு முழுதும் எழுதப்பட்டது.

நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், தட்டச்சு செய்தவர், ஏடு கொடுத்து உதவியவர்கள் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. அம்மாவின் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. அவள் செய்ததை ஒரு வேலை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இன்று அவள் இல்லை.

அதனால்தான் மாணவர்கள் செல்பேசியில் சீரழிகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. செல்பேசி சீரழிக்கத்தான் செய்கிறது, அது வேறு பேச்சு. நான் கேட்பது இதைத்தான். இந்த அரங்கில் இருக்கும் எத்தனை மாணவியருக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் இடம் இருக்கிறது? அண்ணன் படிக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்துகிற வீட்டில், தங்கை படிக்கும்போது "ஏளா, இங்க வா" என்ற குரல் ஓய்கிறதா? ஒரு சிலருக்கு ஆழ்வதே உரிமையாகவும், மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஒத்து ஊதுவதே கடமையாகவும் வைத்திருக்கிறோம். நாகசுர மேளத்தில்கூட ஒத்துப் பையன் ஒருநாள் முன்னால் வந்து உட்கார்ந்தான். நம் வீடுகளில் அந்த முறை மாறுவதில்லை. கல்லூரி நூலகத்தை இரவு ஒன்பது மணிவரை திறந்து வையுங்கள், மாணவியர் பத்திரமாக வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்யுங்கள் என்று நிர்வாகத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். சொற்பொழிவுக்கென்று நீங்கள் தரும் தொகையை அதற்கே திருப்பித் தருகிறேன்.

பத்தமடைக்குத் திரும்புகிறேன். அந்த வீட்டில் அன்று நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அடி விழும் ஓசை, இழை நூலுக்குள் நுழையும் மெல்லிய உரசல், சுவரோரம் கத்தி கோரையை வகிரும் ஒலி. முற்றத்து வெயில் தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்து, தறியின் ஓரத்தைத் தொட்டது. அக்கா கடைசி இழையை நகத்தால் மடித்துத் திருகினார். உள்ளங்கையால் பாயை ஒருமுறை தடவினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் கிழவியம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்பக் கேளுங்க டீச்சர்" என்றார்.

கேட்க வந்தது எனக்கு மறந்து போயிருந்தது.